ஆங்கிலக் கடிதங்களில் வரும் ஆர்வச் சொற்கள்

தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழே என்று 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சியின் தீர்மானப் புத்தகம், வரி ரசீது, கிராம சபை அறிவிப்பு ஆகிய யாவும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. அங்ஙனமிருக்க, ஊராட்சி மன்ற உறுப்பினருக்கும் உழவருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பாடம் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் வெளி மாநில வியாபாரியும் ஏற்றுமதிக் கம்பெனியும் வங்கியின் தலைமை அலுவலகமும் நமக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. உழவர்கள் தாமே பங்குதாரர்களாகச் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி அமைத்துக்கொள்ள 2002ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம் வழி செய்தது. அதன் பின்னர், இடைத்தரகரின் கைக்குப் போய்க்கொண்டிருந்த கடிதம் நேரே உழவரின் கைக்கே வந்துசேரும் வாய்ப்பு உண்டாயிற்று. வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் கொள்வது இனி நம் பொறுப்பு.

கடிதத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லாமலில்லை. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் உள்ளனர். அவர்கள் அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிவிடுவர். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. தனித்து நிற்கும்போது ஒரு பொருளும், வேறொரு சொல்லோடு சேரும்போது மற்றொரு பொருளும் தருவது எம்மொழிச் சொல்லுக்கும் இயல்பு. ‘தலை’ என்றால் என்ன என்று நம் ஊர்க் குழந்தையும் அறியும். ஆனால் தலைமடை, தலைக்கட்டு, தலைச்சன் பிள்ளை என்பவற்றை, ‘தலை’ என்னும் சொல்லை மட்டும் கற்ற வெளிநாட்டார் எப்படி அறிவர்? அவர்களுக்கு நம் மொழியில் உள்ள அதே தொல்லை நமக்கு அவர்கள் மொழியில் உள்ளது. எனவே சொல்லைத் தனியே கற்பதைவிட, அது எவற்றோடு கூடி நடக்கிறது என்று பார்த்துக் கற்பதே பயன் தரும்.

இவ்விதழில் ‘கீன்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். மிகுந்த ஆர்வத்தைக் குறிக்க ஆங்கிலேயர் அன்றாடம் கையாளும் சொல் இது. வியாபாரக் கடிதத்தில் இது அடிக்கடி தலைகாட்டும்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வீரமுள்ள, துணிவுள்ள என்றே பொருள். ஜெர்மன் மொழியில் இதன் இனச்சொல் இன்றும் துணிவையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் இது கத்தி, வாள் முதலியவற்றின் கூர்மையைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் அறிவின் கூர்மைக்கும் கண்ணின் கூர்மைக்கும் சென்று, முடிவில் மனத்தின் ஆர்வத்தையும் சுட்டலாயிற்று. கூர்மைக்கும் ஆர்வத்துக்கும் என்ன தொடர்பு என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நாமும் கூரிய அரிவாள் என்கிறோம். கூரிய அறிவு என்கிறோம். கூர்ந்து கவனி என்கிறோம். மனு எழுதும்போது ‘அன்புகூர்ந்து’ என்று தொடங்குகிறோமே, அங்கும் அதே ‘கூர்’தான், மிகுதல் என்னும் பொருளில் நிற்கிறது. ஆதலின் ‘கீன்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘கூர்’ என்பதை நினைவிற்கொண்டால் பாதி வழி கடந்தாயிற்று. மறுபாதி அதன் கூட்டாளிகளைப் பொறுத்தது.

இடையில் ஒன்று. அகராதியில் இதே எழுத்துக்களைக் கொண்ட மற்றொரு ‘கீன்’ காணப்படும். அதற்கு ஒப்பாரி வைத்தல் என்று பொருள் போட்டிருக்கும். அது அயர்லாந்து மக்களின் மொழியிலிருந்து வந்த வேறு சொல். வியாபாரி நமக்கு எழுதும் கடிதத்தில் அது வராது. யாரும் அஞ்ச வேண்டாம்.

கூரிய என்னும் பொருளில் வரும் சேர்க்கைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘கீன் ஐ’ என்றால் எதையும் தப்பவிடாத கண்; இலையின் அடிப்புறத்தில் பூச்சியின் முட்டையைக் கண்டுபிடிக்கும் உழவருக்கு உள்ளது அதுவே. ‘கீன் சென்ஸ் ஆஃப் ஸ்மெல்’ என்பது கூரிய மோப்ப ஆற்றல். ‘கீன் மைண்ட்’ கூர்மதி. ‘கீன் விண்ட்’ என்றால் உடம்பை அறுக்கும் குளிர்காற்று. குளிர்நாட்டார் படைத்த சேர்க்கை அது. ‘கீன் காம்பெட்டிஷன்’ என்றால் கடும் போட்டி. தேர்தல் செய்திகளில் ‘கீன்லி கன்டெஸ்டட்’ என்று வந்தால் வேட்பாளர்களுக்கிடையே பலத்த போட்டி நிலவியது என்று கொள்க. வேட்பாளர்கள் ஆர்வமாக இருந்தார்கள் என்பதன்று செய்தி.

ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன் வந்தால் இது ஈடுபாட்டைக் காட்டும். ‘கீன் ஸ்டூடன்ட்’ என்பவர் படிப்பில் ஊக்கமுள்ள மாணவர். ‘கீன் கார்டனர்’ என்று ஓர் ஆங்கிலேயர் தம்மைச் சொல்லிக்கொண்டால், அவர் தோட்ட வேலைக்குக் கூலி பெறுபவர் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கொல்லையில் பூச்செடியும் காய்கறியும் வைத்து மகிழ்பவர் என்றே பொருள். கடுகைப் போல் கீன் என்று ஒரு வழக்கும் அவர்களிடம் உண்டு. நாம் தாளிப்பதைப் போலன்றி, அவர்கள் கடுகை அரைத்து விழுதாக்கி இறைச்சியோடு தொட்டுக்கொள்வர். அதன் காரம் மூக்கில் ஏறுவதை அறிந்தவர்க்கு இவ்வுவமை விளங்கும்.

இனிச் செயலைச் சுட்டும் முறைக்கு வருவோம். ஒரு பொருளின் மேல் விருப்பம் என்றால் ‘கீன் ஆன்’ என்றும், ஒன்றைச் செய்ய விருப்பம் என்றால் ‘கீன் டு’ என்றும் எழுத வேண்டும். ‘ஷீ இஸ் கீன் ஆன் டெய்லரிங்’, ‘ஷீ இஸ் கீன் டு லேர்ன் டெய்லரிங்’ ஆகிய இரண்டும் சரி. நம்மவர் பலர் ‘கீன் இன்’ என்று எழுதிவிடுகின்றனர். தமிழில் ‘தையலில் ஆர்வம்’ என்று ‘இல்’ உருபு வருவதால் நேரும் வழுவாகும் இது. ‘இன்ட்ரஸ்டட்’ என்னும் சொல்லுக்கு மட்டுமே ‘இன்’ பொருந்தும். அங்கும் ஒரு கவனம் தேவை. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’ என்றால் எனக்கு விருப்பம் உண்டு. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்றால் நான் சுவையான ஆள் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வதாக முடியும். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களில் இப்பிழை மலிந்திருக்கிறது.

‘கீன் டு’ என்பதன் எடையைக் குறைத்தும் கூட்டியும் மதிப்பிடலாகாது. ‘வீ ஆர் கீன் டு பை’ என்றால் வாங்க ஆவலாக இருக்கிறோம் என்று பொருள்; வாங்குவோம் என்ற உறுதி அதில் இல்லை. ‘வீ ஆர் கீன் டு எக்ஸ்ப்ளோர்’ என்றாலோ, ஆராய்ந்து பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்ற அளவே. இதனை நம்பி வாழைத் தாரை வெட்டி வண்டியில் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. இதன் எதிர்மறையோ, சொற்களில் தெரிவதைவிடக் கடுமையானது. ‘வீ ஆர் நாட் வெரி கீன்’ என்று ஓர் ஆங்கிலேயர் எழுதினால், சொல்லுக்குச் சொல் பார்க்கும்போது ‘அவ்வளவு ஆர்வமில்லை’ என்றே தோன்றும். கொஞ்சம் ஆர்வம் இருக்கிறதே, மேலும் இரண்டு கடிதம் எழுதினால் இசைவார் என்று நாம் காத்திருப்போம். அவரோ ‘வேண்டாம்’ என்பதை நயமாகச் சொல்லி முடித்துவிட்டார். நம்மூரில் சம்பந்தம் பேச வந்தவர்கள் ‘வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம்’ என்று எழுந்து போவதை ஒத்தது அது.

எல்லாவற்றிலும் உழவரின் கைப்பொருளை நேரே தொடுவது ‘கீன் பிரைஸ்’ என்னும் சேர்க்கை. ‘கீன்’ என்றால் ஆர்வம், ‘பிரைஸ்’ என்றால் விலை. ஆகவே ஆர்வத்தோடு தரும் நல்ல விலை என்று பொருள் கொள்ளத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆங்கில வணிக வழக்கில், சிறப்பாக இங்கிலாந்து வழக்கில், ‘கீன் பிரைஸ்’ என்பது போட்டிக்கு ஈடுகொடுக்கும்படி இறக்கப்பட்ட குறைந்த விலை. வாங்குபவர் ‘வீ எக்ஸ்பெக்ட் எ கீன் பிரைஸ்’ என்று எழுதினால், விலையைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். உரம் விற்கும் கம்பெனி ‘கீன் பிரைஸ்’ என்று விளம்பரம் செய்தால், குறைந்த விலைக்குத் தருகிறோம் என்கிறது. வங்கி கடனுக்குக் ‘கீன் ரேட்’ என்றால் குறைந்த வட்டி என்க. ஊராட்சி ஒன்றியம் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ‘கீன்’ விலை வருவது ஒன்றியத்துக்கு இலாபம். மஞ்சள் விற்கும் உழவரிடம் அதே சொல் வருமாயின், அவர் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்க்காமல் சரி என்று சொல்லலாகாது. அரிவாள் ஒன்றே, பிடி யார் கையில், முனை யார் பக்கம் என்பதே பார்க்கத்தக்கது.

‘கீன்’ என்னும் சொல் மிகுதியாகக் கூடி நடப்பது ‘இன்ட்ரஸ்ட்’ என்பதோடுதான். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது. ‘இன்ட்ரஸ்ட்’ என்றவுடன் நம் உழவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வட்டி. கூட்டுறவுச் சங்கத்துக் கடன் சீட்டில் அதற்கு அதுவே பொருள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லும்போது ஆர்வம் என்று பொருள். சட்டத்தில் வரும்போது உரிமை, ஆதாயம், பங்கு என்று பொருள். ஒரே சொல் மூன்று வீட்டில் மூன்று உறவாக இருக்கிறது. எந்த வீட்டில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு முன் ‘கீன்’ நிற்கிறதா, அல்லது நிறுத்தினால் வாக்கியம் பொருந்துகிறதா என்று பார்க்க. பொருந்துமானால் அது ஆர்வம். வட்டிக்கு முன்னும் உரிமைக்கு முன்னும் ‘கீன் இன்ட்ரஸ்ட்’ என்று ஆங்கிலேயர் எழுதுவதில்லை.

இச்சோதனை வெறும் இலக்கண விளையாட்டன்று. ஊராட்சி உறுப்பினர் ஒருவரைப் பற்றி ‘ஹீ டேக்ஸ் எ கீன் இன்ட்ரஸ்ட் இன் தி டேங்க் ஒர்க்’ என்று ஒரு பார்வைக் குறிப்பில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஏரி வேலையில் அவர் மிகுந்த அக்கறை காட்டுகிறார் என்ற பாராட்டு அது. அதையே ‘ஹீ ஹேஸ் அன் இன்ட்ரஸ்ட் இன் தி டேங்க் ஒர்க்’ என்று எழுதினால், அவ்வேலையில் அவருக்கு ஆதாயம் உண்டு, ஒப்பந்தத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று பொருள்பட்டுவிடும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் இத்தகைய ‘இன்ட்ரஸ்ட்’ உடையவராவதை உறுப்பினர் பதவிக்குத் தகுதியிழப்பாகக் கூறுகிறது. ‘டேக்’ என்னும் வினைச்சொல் ‘ஹேவ்’ என்று மாறியதும் ‘கீன்’ விடுபட்டதுமே வேறுபாடு. ஒன்று மாலை, மற்றொன்று வழக்கு. ‘ஹேவ்’ வரும் இடமெல்லாம் குற்றச்சாட்டு என்று சொல்ல வரவில்லை. ‘ஹேவ் எ கீன் இன்ட்ரஸ்ட்’ என்று முழுமையாக வந்தால் அதுவும் ஆர்வமே. ஆனால் வேலை, ஒப்பந்தம், நிலம், பணம் ஆகியவற்றைப் பற்றிய வாக்கியத்தில் ‘கீன்’ இல்லாத ‘இன்ட்ரஸ்ட்’ வந்தால் உறுப்பினர்கள் இருமுறை படித்த பிறகே கையொப்பமிட வேண்டும். மன்றத்தின் தீர்மானத்தை மேலலுவலகத்துக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதும்போதும் இக்கவனம் வேண்டும்.

இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. பொதுத் தேவைக்காக நிலம் எடுக்கும்போது வெளியிடப்படும் ஆங்கில அறிவிப்பில் ‘பெர்சன்ஸ் இன்ட்ரஸ்டட்’ என்ற தொடர் காணப்படும். இதனை ‘விருப்பமுள்ளவர்கள்’ என்று பொருள்கொண்டால் நேரும் கேடு சிறிதன்று. விருப்பமுள்ளவர் போகலாம், இல்லாதவர் வீட்டில் இருக்கலாம் என்று உழவர் எண்ணிவிடுவார். நமக்கு நிலத்தைக் கொடுக்கவே விருப்பமில்லை, நாம் ஏன் போகவேண்டும் என்று சினந்து இருந்துவிடுவாரும் உளர். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் இத்தொடருக்கு இழப்பீட்டில் உரிமை கோரக்கூடியவர் என்பதே பொருள். நிலத்துக்கு உடையவர் மட்டுமல்லர். மாநிலச் சட்டப்படி குத்தகை உரிமை பெற்றவர், வாரத்துக்குப் பயிரிடுவோர், அந்நிலத்தின் வழியே பாதை, வாய்க்கால் போன்ற அனுபோக உரிமை உடையவர், தம் முதன்மையான பிழைப்பு அதனால் பாதிக்கப்படக்கூடியவர் ஆகியோரும் அதில் அடங்குவர். இத்தனை பேரும், தங்களுக்கு அதில் ‘விருப்பம்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘பெர்சன்ஸ் இன்ட்ரஸ்டட்’ ஆவர். குறித்த நாளில் நேர்நின்று தம் உரிமையை எழுத்தில் தர வேண்டியவர்களும் அவர்களே. மேற்சொன்ன சோதனையை இங்கே பொருத்திப் பாருங்கள். ‘கீன்லி இன்ட்ரஸ்டட்’ என்று அவ்வறிவிப்பில் எழுத முடியுமா? முடியாது. ஆகவே ஆர்வம் என்னும் பொருள் அங்கே இல்லை. தமிழில் இதனை ‘உரிமை சம்பந்தமுடையவர்’ என்று சொல்லிவிட்டால் ஐயமே எழாது. எந்தக் கிராம சபையிலும் அப்படியே விளக்கலாம்.

ஆர்வத்தைக் குறிக்கும் பிற சொற்களை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. ‘ஈகர்’ என்பது காத்திருக்கப் பொறாத ஆவல். ‘என்தூஸியாஸ்டிக்’ என்பது பொங்கும் உற்சாகம். கிரேக்கத்தில் உள்ளே தெய்வம் புகுந்த நிலையைச் சுட்டிய சொல்லிலிருந்து வந்தது, நம்மூர் அருள் வந்து ஆடுவதைப் போல. ‘அவிட்’ என்பது பெரும்பாலும் ‘ரீடர்’ போன்ற சொற்களோடு வரும். அதன் இலத்தீன் வேர் பேராசையைக் குறிப்பது. ‘ஆங்க்ஷஸ் டு’ என்பதில் விருப்பத்தோடு கவலையும் கலந்திருக்கும். ‘வீ ஆர் ஆங்க்ஷஸ் டு ரிசீவ் தி கூட்ஸ்’ என்று வந்தால், சரக்கு வரத் தாமதமாகிறதே என்ற மனக்கலக்கத்தோடு எழுதுகிறார் என்று உணர்ந்து உடனே பதில் போட வேண்டும்.

பயிற்சிக்காக ஒரு கடிதத்தை நாமே புனைந்து தருகிறோம். மஞ்சள் விளைவிக்கும் உழவர் கம்பெனி ஒன்றுக்கு வெளியூர் வியாபாரி எழுதியதாக வைத்துக்கொள்க.

‘வீ ஆர் கீன் டு எக்ஸ்ப்ளோர் தி பாசிபிலிட்டி ஆஃப் பையிங் யுவர் டர்மரிக். வீ டேக் எ கீன் இன்ட்ரஸ்ட் இன் ஸ்மால் குரோவர்ஸ். தேர் இஸ் கீன் காம்பெட்டிஷன் இன் திஸ் டிரேட் அண்ட் வீ எக்ஸ்பெக்ட் எ கீன் பிரைஸ். வீ ஆர் நாட் வெரி கீன் ஆன் அட்வான்ஸ் பேமென்ட்.’

ஐந்து இடத்தில் ‘கீன்’ வந்திருக்கிறது. ஐந்துக்கும் ஆர்வம் என்று பொருள் போட்டு வாசித்தால், இவரைப் போல் நமக்கு வேண்டியவர் உலகத்தில் இல்லை என்று தோன்றும். முறைப்படி வாசித்தால் செய்தி இதுதான்: உங்கள் மஞ்சளை வாங்க இயலுமா என்று பார்க்கிறோம். சிறு உழவர்கள்பால் எமக்கு அக்கறை உண்டு. இவ்வியாபாரத்தில் கடும் போட்டி இருக்கிறது. ஆதலால் விலையைக் குறைத்துத் தர வேண்டும். முன்பணம் தர மாட்டோம்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரி தம் நிலையைத் திறந்தே சொல்லியிருக்கிறார். கேட்டவர்க்கு விளங்காமற் போவதுதான் தொல்லை. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள அக்கறை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது விலையில் சேராது. முன்பணம் இல்லை என்று தெரிந்துவிட்டபடியால், சரக்கு கைமாறிய எத்தனையாம் நாள் பணம் வரும் என்பதே அடுத்துத் தெரிய வேண்டியது. இதற்கு நீண்ட பதில் வேண்டாம். நயமான ஆங்கிலத்துக்கு நயமான ஆங்கிலத்தில் விடை தர முயல்வதும் வேண்டாம். ‘ப்ளீஸ் ஸ்டேட் தி குவான்டிட்டி, தி ரேட் பெர் குவிண்டால் அண்ட் தி டேட் ஆஃப் பேமென்ட்’ என்று ஒரே வரி எழுதி, அதற்குக் கீழே தமிழிலும் அதையே எழுதி, இயக்குநர் குழுவின் கையொப்பத்தோடு அனுப்பி, ஒரு நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். எவ்வளவு வேண்டும், குவிண்டால் என்ன விலை, பணம் என்று வரும் என்னும் மூன்றுக்கும் எண்ணால் விடை வந்த பிறகு மூட்டையைத் தைக்கலாம்.